பக்கத்து ஊரிலிருந்து பார்த்த செஸ் ஒலிம்பியாட்: ஒரு மதிப்பீடு

2030-ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் வாய்ப்பு அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கிறது. 2036 ஒலிம்பிக்கையும் இந்தியாவுக்குக் கொண்டுவரும் முயற்சி நடக்கிறது. இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம், ஒரு பெரிய போட்டியை நடத்துவதால் ஊருக்கு என்ன கிடைக்கும், ஊர் எதைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற பேச்சும் கூடவே எழுகிறது. அந்தப் பேச்சில் நான் நேரில் கண்டு சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். 2022-ஆம் ஆண்டு மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்த, நாடுகள் அணி அணியாக மோதும் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட்டை, அங்கிருந்து ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருக்கழுக்குன்றத்தில் குடியிருந்துகொண்டு, அது வருவதற்கு முன்னும் நடந்தபோதும் முடிந்த பின்னும் பார்த்தவன் நான். அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். மாலை வேளைகளில் வீட்டு மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். ஓர் உணவகத்துக்குப் போய் வந்தவர் கொடுத்த காசுக்குக் கிடைத்தது என்ன என்று எழுதுவதைப் போலவே, இந்தப் போட்டியைப் பற்றியும் எழுத வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம்.

போட்டி நம்மிடம் வந்த விதத்திலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் அதன் நன்மைகளில் பாதி அங்கேதான் இருக்கிறது. இந்த ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கியதும், உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே அதை அங்கிருந்து விலக்கிக்கொண்டது. மார்ச் 15 அன்று சென்னை என்று அறிவித்தது. தொடக்க விழா ஜூலை 28. இடையில் இருந்தது நான்கு மாதங்களும் சில நாள்களும் மட்டுமே. தமிழ்நாடு அரசு முதலில் 92.13 கோடி ரூபாய் ஒதுக்கியது. கோடைக்கால ஒலிம்பிக் போட்டிக்கு ஆறேழு ஆண்டுகள் முன்பே நகரம் தேர்ந்தெடுக்கப்படுவது வழக்கம். அந்த ஆண்டுகள் முழுவதும் அரங்குகள் எழும், திட்ட மதிப்பீடு ஏறிக்கொண்டே போகும். 1976-இல் ஒலிம்பிக் நடத்திய மாண்ட்ரியால் நகரம் தன் அரங்கத்துக்காகப் பட்ட கடனை அடைத்து முடித்தது 2006-இல். மாண்ட்ரியால் போட்டிக்கு எட்டு ஆண்டு கழித்து, 1984-இல், லாஸ் ஏஞ்சலஸ் நகரம் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த அரங்குகளையே வைத்து நடத்தி உபரியோடு முடித்தது. நான்கே மாத அவகாசம் என்பது நமக்கு நெருக்கடியாக வந்தாலும், புதிதாகப் பெரும் கட்டடங்களைக் கட்டிக் கடன்படும் சபலத்திலிருந்து நம்மைக் காப்பாற்றியது என்பதே என் கருத்து.

செஸ் என்ற விளையாட்டின் தன்மையும் இதற்கு உதவியது. பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள். அதுவரை எந்த ஒலிம்பியாடுக்கும் வராத எண்ணிக்கை. ஓர் அணியிலிருந்து ஒரு சுற்றில் நால்வர் ஆடுவார்கள் என்று கணக்கிட்டால், ஒரே நேரத்தில் ஏறத்தாழ 700 பலகைகள். அந்த 700 பலகைகளுக்கும் தேவைப்பட்டவை மேசை, நாற்காலி, கடிகாரம், நல்ல வெளிச்சம், குளிர்ந்த காற்று, அமைதி ஆகியவைதான். ஓடுதளம் வேண்டாம், நீச்சல் குளம் வேண்டாம், இருபதாயிரம் பேர் உட்காரும் படிவரிசை வேண்டாம். பூஞ்சேரியில் ஃபோர் பாயின்ட்ஸ் விடுதி வளாகத்தில் இருந்த மாநாட்டுக் கூடமும், அதன் அருகில் புதிதாக எழுப்பிய ஐம்பதாயிரம் சதுர அடிக்கும் மேற்பட்ட இன்னொரு கூடமும் போதுமானவையாக இருந்தன.

ஊர் தயாரான கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து மக்களுக்கு இது முதல் அனுபவம் அன்று. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோதே சாலையோரங்கள் துடைத்து எடுக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறோம். 2022 ஜூன், ஜூலையில் அதே வேலை இன்னும் விரிவாக நடந்தது. சாலைக்குப் புதிய தார், தடுப்புகளுக்குப் புதிய வண்ணம், தெருவிளக்கு, சுவரெங்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். சென்னையில் நேப்பியர் பாலத்தையே சதுரங்கப் பலகையாக வரைந்திருந்தார்கள். வேட்டி சட்டை அணிந்து கைகூப்பி நிற்கும் குதிரை முகத்துத் ‘தம்பி’ பேருந்து நிலையத்திலிருந்து பால் பாக்கெட் வரை எங்கும் இருந்தான். என் வகுப்பில் இருந்த சிறுவர்கள் அவனைக் கண்ட இடமெல்லாம் எண்ணிக்கொண்டு வருவதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார்கள். செஸ் என்றால் என்ன என்று அதுவரை கேட்டிராத பாட்டிமார்கூட, “அந்தக் குதிரைப் பிள்ளை ஆடற ஆட்டமா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு சின்னத்தை இவ்வளவு நம்முடையதாகச் செய்திருந்ததை இந்தப் போட்டியின் சிறந்த அம்சங்களில் ஒன்றாகக் கருதுகிறேன்.

அதே சமயம், சாலையோரம் இளநீர் விற்கும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். பல ஆண்டுகளாக மாமல்லபுரம் போகும்போதெல்லாம் அவரிடம்தான் நிற்பேன். அந்த இரண்டு வாரமும் அவருடைய தள்ளுவண்டி அங்கே இல்லை. ஒதுங்கச் சொன்னது யார் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. “பெரிய ஆளுங்க வர்றாங்க, கொஞ்ச நாளு உள்ள தள்ளிப் போட்டுக்கோன்னாங்க சார்” என்றார். உள்ளே தள்ளிப் போட்ட இடத்தில் வாங்க ஆளில்லை. உலகின் நூற்றெண்பது நாடுகளிலிருந்து மக்கள் வந்திருந்த பதினைந்து நாள்களில், வெயிலில் நின்று வியாபாரம் செய்யும் ஒருவருக்கு வருமானம் கூடாமல் குறைந்தது என்பதை நான் சிறிய குறையாக எண்ணவில்லை. 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில் குடிசைகளையே அகற்றினார்கள். அதோடு ஒப்பிட்டால் இங்கே நேர்ந்தது சிறிதுதான். ஆனால் விருந்தினர் வருகிறார்கள் என்றவுடன் ஏழைகளைக் கண்ணுக்கு மறைக்கும் பழக்கம் போட்டியின் அளவைப் பொறுத்து மாறுவதில்லை. இளநீர்க் கடையை அங்கேயே வைத்து, அதன் மேல் ஒரு நல்ல பந்தல் போட்டுக் கொடுத்திருந்தால் வந்தவர்கள் மகிழ்ச்சியாகக் குடித்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 6, சனிக்கிழமை, எட்டாவது சுற்று. ஐந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனேன். மாணவர்களுக்கும் பெண்களுக்கும் சலுகைக் கட்டணம் இருந்தது. பொதுச் சீட்டின் விலையோ ஆயிரங்களில் இருந்தது. என் ஒருவனுடைய சீட்டு, ஐந்து பிள்ளைகளின் சீட்டுகளையும் சேர்த்ததைவிட விலை கூடியது. பிள்ளைகளுக்குக் குறைவாக வைத்ததை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டிய தகப்பன் கூலி வேலை செய்பவராக இருந்தால், அந்தச் சலுகை வாசலோடு நின்றுவிடும். என் மாணவர்களில் மூவரின் தந்தையர் கல் தச்சுப் பட்டறையில் வேலை செய்பவர்கள். உளிச் சத்தம் கேட்கும் தூரத்தில் நடந்த போட்டியை அவர்களில் ஒருவர்கூட உள்ளே வந்து பார்க்கவில்லை.

பேருந்திலிருந்து இறங்கி விடுதிக்குப் போக ஆட்டோ ஏறினோம். வழக்கமாகக் கொடுப்பதைப் போல மூன்று மடங்கு கேட்டார் ஓட்டுநர். “இந்த ரெண்டு வாரம்தான் சார், அப்புறம் பழைய ரேட்டுதான்” என்று அவரே ஒப்புக்கொண்டதால் எனக்குக் கோபம் வரவில்லை. திரும்பும்போது சாப்பிட்ட சிறிய உணவகத்திலும் இதே கதைதான். பெரிய போட்டி நடக்கும் ஊரில் விலை ஏறும் என்பது உலகெங்கும் உள்ளதே. ஏறிய விலையை வெளியூர்க்காரர் இரண்டு நாள் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், உள்ளூர்க்காரர் போட்டி முடியும் வரை கொடுக்க வேண்டும்.

உள்ளே நுழையும் முன் கைபேசிகளை ஒப்படைத்துவிட வேண்டும். அது இல்லாமல் இருந்த அந்தச் சில மணி நேரம் பிள்ளைகளுக்குக் கிடைத்த நல்ல பரிசு என்றே சொல்வேன், ஏனென்றால் கண்ணால் பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இல்லை. கூடத்தின் அமைதி எனக்கே வியப்பாக இருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கேட்பது காய் வைக்கும் மெல்லிய ஓசையும், கடிகாரத்தைத் தட்டும் ஓசையும், நடுவர்கள் நடக்கும் காலடியும்தான். எங்கள் பள்ளியில் நாற்பது பிள்ளைகளை அப்படி உட்கார வைக்க முப்பது ஆண்டுகள் முயன்று தோற்றவன் நான்.

அன்று இந்தியாவின் இரண்டாம் அணியும் அமெரிக்காவும் மோதின. அமெரிக்கா தரவரிசையில் முதலிடத்தில் இருந்த அணி. நம் முதல் பலகையில் பதினாறு வயது குகேஷ். எதிரே ஃபேபியானோ கருவானா, உலகப் பட்டத்துக்காகக் கார்ல்சனோடு மோதியவர். கயிற்றுக்கு இப்பால் நான்கைந்து வரிசையாக மக்கள் நின்றார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு முன்னால் இருந்தவர்களின் முதுகுதான் தெரிந்தது. செஸ்ஸை நேரில் பார்ப்பதில் உள்ள இயல்பான சிரமம் இது: கிரிக்கெட் பந்து வானத்தில் போவது எல்லோருக்கும் தெரியும், ஐந்து சென்டிமீட்டர் கட்டத்தில் ஒரு குதிரை நகர்வது பத்தடிக்கு அப்பால் தெரியாது. ஒரு வயதான பெரியவர் திரும்பிப் பார்த்து, எதுவும் பேசாமல் நகர்ந்து, எங்கள் பெண்பிள்ளை ஒருத்தியைக் கயிற்றை ஒட்டி நிறுத்தினார். அவள் பார்த்தது பலகையை அன்று, குகேஷின் முகத்தை. “சார், அவரு கண்ண மூடிக்கிட்டே யோசிக்கிறாரு” என்று என் காதில் சொன்னாள். அன்று குகேஷ் கருவானாவை வென்றார். அது அவருக்குத் தொடர்ச்சியாக எட்டாவது வெற்றி. அணி 3-1 என்று வென்றது. ஒருவரும் கைதட்டவில்லை, தட்டக் கூடாது. கதவுக்கு வெளியே வந்த பிறகுதான் மக்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார்கள்.

இன்னொரு கூடத்தில், பட்டியலின் கீழ்ப்பகுதியில் உள்ள அணிகள் ஆடிய மேசைகளின் அருகே கூட்டம் இல்லை. என் பார்வையில், காசுக்கு முழு மதிப்புக் கிடைத்த இடம் அதுதான். பெயரையே முதல்முறை கேட்கும் தீவு நாட்டவர் ஒருவரும், அவருக்கு எதிரே தலைப்பாகை போன்ற துணி கட்டிய ஆப்பிரிக்க இளைஞர் ஒருவரும் ஆடிய ஆட்டத்தை எங்கள் பெண்பிள்ளை ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பார்த்தாள். கையில் இருந்த குறிப்பேட்டில் நகர்வுகளை எழுதிக்கொண்டே இருந்தாள். அவர்கள் ஆடியது எங்கள் மொட்டை மாடி ஆட்டத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்த ஆட்டம். குகேஷைப் பார்த்தால் பிரமிப்பு வரும். இவர்களைப் பார்த்தால் நாமும் ஆடலாமே என்ற எண்ணம் வரும். பாலஸ்தீன அணியில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஆடினாள் என்பதும், நிறைமாதக் கர்ப்பிணியாக ஹரிகா இந்தியப் பெண்கள் அணிக்காக ஆடினார் என்பதும் எங்கள் பிள்ளைகள் மாதக்கணக்கில் பேசிய செய்திகள்.

உள்ளூர் மக்கள் கூடிவிட்டால் ஆடுபவருக்குப் பலம் என்பார்கள். அந்தப் பலத்தின் மறுபக்கத்தையும் பார்த்தோம். ஆகஸ்ட் 8 அன்று பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானோடு மோதல். தங்கம் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் மோதல். பிள்ளைகள் எல்லோரும் என் வீட்டில் கணினித் திரை முன்னால் இருந்தார்கள். அப்துசத்தோரோவுக்கு எதிராக நல்ல நிலையில் இருந்த குகேஷ், நேரம் குறைந்த நிலையில் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தார். தலையைக் கைகளில் புதைத்து அந்தப் பையன் உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்த்து என் மாடியில் ஒரு சத்தமும் இல்லை. பிரக்ஞானந்தா வென்றதால் மோதல் 2-2 என்று முடிந்தது; ஆனால் பொதுப் பிரிவில் தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கும் வெள்ளி ஆர்மீனியாவுக்கும் போயின, நம் இரண்டாம் அணிக்கு வெண்கலம். பெண்கள் பிரிவிலும் கடைசிச் சுற்று வரை முதலிடத்தில் இருந்த நம் அணி வெண்கலத்தோடு நின்றது. சொந்த மண்ணில் ஆடியது அவர்களுக்கு உதவியதா, பாரமானதா என்று அறுதியிட்டுச் சொல்ல என்னால் இயலாது. ஆனால் தான் பிறந்து வளர்ந்த நகரத்தின் ஒவ்வொரு சுவரிலும் போட்டியின் படம் ஒட்டப்பட்டிருக்கும் நிலையில் பதினாறு வயதுப் பிள்ளை ஆடுவது சாதாரணச் சுமை அன்று. போட்டி நடத்தும் நகரங்கள் போடும் வரவு செலவுக் கணக்கில் இந்தச் சுமைக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை.

பெண்கள் பிரிவில் தங்கம் வென்றது உக்ரைன். ரஷ்யாவில் நடந்திருக்க வேண்டிய ஒரு போட்டியில், தங்கள் ஊர்களின் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நேரத்தில், அந்தப் பெண்கள் தமிழ்நாட்டுக்கு வந்து ஆடி வென்றார்கள். ஓர் ஊர் மற்றவர்களுக்கு இடம் கொடுப்பதன் பொருள் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால், ஓட்டல் அறைகள் நிரம்பிய கணக்கைக் காட்டிலும் இதைத்தான் முதலில் சொல்வேன். பாகிஸ்தான் அணி மட்டும் வந்து சேர்ந்த பின் ஆடாமலே திரும்பியது. ஒலிம்பியாட் தீபம் காஷ்மீர் வழியாகப் போனதை அந்நாடு ஏற்கவில்லை. பலகையின் முன் உட்கார வந்த பிள்ளைகள் உட்காராமலே போனது எனக்கு இன்றும் வருத்தம்.

இனிச் செலவு. கணக்கு ஆசிரியர் என்பதால் ஒரு பெருக்கல் வகுத்தலைச் செய்யாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் உள்ளன. 92.13 கோடியை அவற்றுக்குப் பகிர்ந்தால் பள்ளிக்கு ஏறத்தாழ 25 ஆயிரம் ரூபாய் வரும். அந்தப் பணத்தில் ஒரு பள்ளிக்கு இருபது பலகைகளும் ஐந்தாறு கடிகாரங்களும் ஒரு சிறு புத்தக அலமாரியும் வாங்கலாம். இந்தக் கணக்கைச் சொன்னால் என் நண்பர்கள், “போட்டி வரவில்லை என்றால் அந்தப் பணம் பள்ளிக்கா வந்திருக்கும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, வந்திருக்காது. போட்டி வந்ததால்தான் பள்ளிகளில் செஸ் போட்டிகள் நடத்தும் வேகம் வந்தது, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கவனிக்கப்பட்டார்கள். ஆனால் அந்த வேகம் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதுதான் என் கவலை. எங்கள் ஊரில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, குரு கன்னி ராசிக்குப் பெயரும்போது, சங்கு தீர்த்தப் புஷ்கர மேளா நடக்கும். கடைசியாக 2016-இல் நடந்தது. அதற்கு முன்பு குளம் தூர்வாரப்படும், படிகள் சீராகும், தெருவெல்லாம் பளிச்சென்று ஆகும். இடைப்பட்ட ஆண்டுகளில் குளத்தைத் தினமும் கூட்டிச் சுத்தம் செய்பவரின் பெயர் எந்த அழைப்பிதழிலும் இராது. செஸ்ஸும் அப்படித்தான்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனதையும், அதே ஆண்டு புடாபெஸ்டில் இந்தியா இரு பிரிவிலும் தங்கம் வென்றதையும் சுட்டிக்காட்டி, இவையெல்லாம் மாமல்லபுரம் ஒலிம்பியாட்டின் பலன் என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். குகேஷ் 2019 ஜனவரியிலேயே செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பெற்றுவிட்டார். அந்தப் பயிருக்கு விதை போட்டவர்கள் வேறு. 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் 1972-இல் தொடங்கிய தால் செஸ் கிளப், 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விஸ்வநாதன் ஆனந்த், தன் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு ஊர் ஊராக அலைந்த பெற்றோர்கள், சிறு அறைகளில் சம்பளம் பார்க்காமல் சொல்லித் தந்த பயிற்சியாளர்கள். அப்படி ஐம்பது அறுபது ஆண்டுகளாக வளர்ந்து நின்ற வயலில் 2022-இல் நாம் நடத்தியது அறுப்புத் திருவிழா. விளைந்த வயல் இருந்ததால்தான் திருவிழா சிறந்தது, கூடத்தில் நின்றவர்களில் பலருக்கு ஆட்டம் புரிந்தது, நூற்றுக்கணக்கில் தொண்டர்கள் கிடைத்தார்கள். எந்த ஊரில் எந்த விளையாட்டு வேரோடியிருக்கிறதோ, அந்த ஊருக்கு அந்தப் போட்டி பொருந்தும். மதுரையில் 2025-இல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்தபோது புதிதாக எழுந்த ஹாக்கி மைதானம் தென் மாவட்டப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று நான் நம்புவதும் இதனால்தான். கோவில்பட்டி போன்ற ஊர்களில் அந்த ஆட்டம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது.

வேரில்லாத இடத்தில் வைத்தால் நேர்வது வேறு. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு நடந்த ஃபார்முலா 4 கார் பந்தயம், நகரின் நடுச் சாலைகளை அடைத்து நடந்தது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை வழக்குகள் போயின. கார் பந்தயத்துக்கு இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் ஏற்கெனவே இருக்கும்போது, மருத்துவமனைகளும் பேருந்து வழித்தடங்களும் நெருங்கிய ஓர் இடத்தில் அதை நடத்தியதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மிச்சம் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி சென்னையில் நடந்தபோது கட்டடங்கள் மிஞ்சின. அப்போது எழுந்த நேரு உள்விளையாட்டரங்கத்தில்தான் இருபத்தேழு ஆண்டு கழித்து இந்த ஒலிம்பியாட்டின் தொடக்க விழாவும் நிறைவு விழாவும் நடந்தன. வேளச்சேரி நீச்சல் குளத்தில் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் நீந்துகிறார்கள். கட்டடம் மட்டும் போதாது என்பதற்கும் அதே ஊரில் சான்று உண்டு. நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கத்தில் ஆண்டுதோறும் ஜனவரியில் நடந்த ஏடிபி என்ற சர்வதேச ஆடவர் டென்னிஸ் போட்டி 2017-க்குப் பிறகு புனேவுக்குப் போய்விட்டது. அரங்கம் இங்கேயே நிற்கிறது. ஒலிம்பியாட்டில் நிலைமை நேர்மாறு. 700 பலகைகள் இருந்த இடம் ஒரு தனியார் விடுதியின் வளாகம். அங்கே எங்கள் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை போய் ஆட முடியாது. கடன் விட்டுப் போகாத போட்டி, கூடமும் விட்டுப் போகவில்லை. முதல் பாதிக்காக நான் நன்றி சொல்கிறேன். இரண்டாம் பாதி என்னை உறுத்துகிறது. மாமல்லபுரத்திலோ திருக்கழுக்குன்றத்திலோ அரசு நூலகத்தின் மேல் மாடியில் ஐம்பது பேர் உட்கார்ந்து ஆடும் ஒரு செஸ் அறையை, அந்த 92 கோடியின் ஓரத்தில் ஒரு துளியை எடுத்துக் கட்டியிருக்க முடியும். அணிகள் ஆடிய மேசைகளில் சிலவற்றை அங்கே போட்டு, எந்த மேசையில் யார் ஆடினார் என்று ஒரு சிறு பலகை வைத்திருந்தால், திருவாரூர் மாவட்டத்துப் பூவனூர் சதுரங்க வல்லபநாதர் கோயிலைத் தேடிப் போகும் செஸ் அன்பர்கள் இங்கும் வந்திருப்பார்கள்.

மறுபடி இப்படி ஒரு போட்டி வந்தால் போவீர்களா என்று கேட்டால், போவேன். அன்றைக்குப் போனதைவிட அதிகப் பிள்ளைகளோடு போவேன். பெரியவர்களுக்கான சீட்டு விலையைப் பாதிக்கும் கீழே கொண்டுவர வேண்டும், சுற்றியுள்ள இருபது கிலோமீட்டர் ஊர்களின் பிள்ளைகளுக்கும் அவர்களை அழைத்து வரும் ஒரு பெரியவருக்கும் ஒரு நாளாவது கட்டணம் இல்லாமல் கதவு திறக்க வேண்டும், தள்ளுவண்டிக்காரர்களை அப்புறப்படுத்தாமல் அவர்களுக்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்பேன்.

என் வகுப்பில் 2022-க்கு முன் ஒன்பது பேர் இருந்தார்கள். இப்போது பத்தொன்பது பேர், அவர்களில் எட்டுப் பேர் பெண்பிள்ளைகள். கடிகாரம் மட்டும் அதே நான்குதான். அன்று கூடத்தில் குறிப்பேட்டோடு நின்ற பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், சிறியவர்களுக்குச் சொல்லித் தருவது பெரும்பாலும் அவள்தான். அந்தத் தீவு நாட்டவரும் ஆப்பிரிக்க இளைஞரும் ஆடிய ஆட்டத்தை அவள் எழுதி வைத்த தாளிலிருந்து பலகையில் பலமுறை வைத்துப் பார்த்துவிட்டோம். இருபத்து மூன்றாவது நகர்வில் கறுப்பு யானையைத் திறந்த வரிசைக்குக் கொண்டுவந்திருந்தால் ஆட்டம் தப்பியிருக்கும் என்பது அவள் கட்சி. மந்திரியை முதலில் வெட்டியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. போன ஞாயிற்றுக்கிழமை புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இரண்டுமே தவறு என்று சொல்லிச் சிப்பாயை நகர்த்திக் காட்டினான். இருட்டும்வரை அதையே ஆடிக்கொண்டிருந்தோம்.